பிடுங்காதீங்கன்னுதானே சொன்னேன்

அந்தச் சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. சுவிச்சு என்றால் எல்லோருக்கும் தெரியும். மரியாதை தெரிந்தவர்கள் சுவிச்சக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வாயாடி, அரைக்கிறுக்கு, புருஷனைத் துரத்தியவள் என்று அவரவர் வாய்க்கு வந்தபடி. எல்லாம் அவள் காதுக்கும் வரும். "வந்துட்டுப் போகட்டும். காது என்ன தேஞ்சா போயிடும்?" என்பாள்.

துணிக் கம்பெனிக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில், ரயில் பெட்டியைக் குறுக்கே வெட்டி வைத்த மாதிரி ஒரு கடை. வாசலில் ஜெராக்ஸ் மெஷின். உள்ளே பலகை வைத்து மறைத்த தடுப்புகள்; ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு சுவிட்சு. கடைசியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் சாக்கடைச் சந்து. மனு அடிக்க, வேலைக்கு விண்ணப்பம் போட, வெளியூர் மகளுக்கு மெயில் அனுப்ப என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

வந்தவர் எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள் இவள் தடுப்புக்குள் நுழைந்துவிடுவாள். சுவரில் டக். அவ்வளவுதான். கம்ப்யூட்டரை முறைப்படி மூடுவது, அது 'போய் வருகிறேன்' என்று சொல்லும்வரை காத்திருப்பது, இதெல்லாம் அவளிடம் கிடையாது. அடுத்த ஆள் வந்தால் மறுபடி போடுவாள். பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் எழுந்து நிற்கும் அந்த மெஷின். முன்னால் உட்கார்ந்தவர் எழுதியதில் ஒரு புள்ளிகூட அதில் இருக்காது.

"இப்படி டக்கு டக்குன்னு அணைச்சா மெஷின் கெட்டுப்போயிடும்மா" என்று புத்தி சொன்னவர்கள் நிறைய. "என் மெஷின். கெட்டா நான் அழுதுக்கறேன். நீ எழுந்திரு" என்பாள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆனவன் கைநீட்டுகிறவன். கைநீட்டுகிறவனுக்குக் காரணம் வேண்டியதில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி, சரியாக இருந்தாலும் 'என்ன திமிரு' என்று அடி. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஒரு கடைக்குப் போய் விவாகரத்து மனு அடிக்கச் சொன்னாள். வெளியில் சொல்லக் கூசுகிற விஷயமெல்லாம் அதில் இருந்தது. வக்கீல் எழுதச் சொன்னார், எழுதினாள். கடைக்காரன் அடித்துக் கொடுத்தான். காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அவளுக்கு முன்பே மனு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்காரன் அவள் புருஷனுக்குச் சீட்டாட்டக் கூட்டாளி. மெஷினில் இருந்ததை இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்திருக்கிறான். மாமியார் அதைக் கூடத்தில் உட்கார்ந்து, நாத்தனார்கள் நடுவே, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாணம் ஒருவழியாக முறிந்தது. அடியெல்லாம் மறந்துபோனது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

ஆகவே சொந்தமாகக் கடை போடுகிறபோது தம்பியிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். தம்பிக்கு ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை.

"டேய், என் கடையில ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் கண்ணுல படக்கூடாது. நானே தேடினாலும் எனக்குக் கிடைக்கக்கூடாது."

"அழிச்சுட்டாப் போச்சுக்கா."

"அழிச்சதைத் தோண்டி எடுக்கறவன் இருக்கானாமே?"

"இருக்கான்" என்று தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான்: "அப்ப ஒண்ணு பண்ணலாம். ஹார்டு டிஸ்க்குங்கறது பீரோ மாதிரி. வெச்சா வெச்சதுதான், கரண்டு இருந்தாலும் இல்லாட்டியும் இருக்கும். மெமரிங்கறது சமையல் மேடை. வேலை நடக்கற வரைக்கும்தான் அதுல சாமான் இருக்கும். கரண்டு போனா தொடைச்சு விட்ட மாதிரி ஆயிடும். இப்ப நான் போடப்போற சிஸ்டம் யூனிக்ஸ் வகையறா. இதுல என்ன வசதின்னா, மேடையிலயே ஒரு ஓரமா கோடு கிழிச்சு, 'இதுதான் பீரோ, இங்கயே வை'ன்னு மெஷின்கிட்ட சொல்லிடலாம். அதுவும் நம்பிடும். ஜனங்க எழுதறது, படம் போடறது, மெயில் பாக்கறது எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளதான். உண்மையான பீரோவைப் பூட்டிடறேன். அதுலேர்ந்து எடுக்கலாம், அதுல எழுத முடியாது. நீ எப்படி அணைச்சாலும் அதுக்குக் காயம் படாது."

அவள் அதோடு விடவில்லை. "மேடை நெறைஞ்சு போச்சுன்னா?"

"நெறைஞ்சா, கொஞ்சத்தைத் தூக்கி ஹார்டு டிஸ்க்ல ஒரு மூலையில வெச்சுக்கும். ஸ்வாப்புன்னு பேரு."

"அடப்பாவி! முன்வாசலைப் பூட்டிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வெச்சிருக்கியே. மூடுடா அதை."

"மூடினா, மேடை நெறையும்போது மெஷின் அப்படியே தொங்கிடும்கா."

"தொங்கட்டும். நான் தொங்கின தொங்கலுக்கு இது ஒண்ணும் பெரிசில்ல."

மூடினான். பேட்டரி வாங்கட்டுமா, கரண்டு போனால் ஜனங்கள் திட்டுவார்களே என்று கேட்டான். அதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு பலகை மட்டும் எழுதி மாட்டினாள்: 'நாற்காலியை விட்டு எழுந்தால் எல்லாம் போய்விடும். வேண்டியதைக் கையோடு எடுத்துப் போகவும்.'

படிக்கத் தெரிந்தவர்கள்தான் பலகையைப் படிக்கமாட்டார்கள். ஒரு கல்லூரிப் பையன் பாதி எழுதிவிட்டு சிகரெட்டு பிடிக்க வெளியே போனான். திரும்பி வந்து குய்யோ முறையோ என்று கத்தினான். "போர்டு உன் தலைக்கு மேலதான் தொங்குது. நாலு எழுத்து படிச்சவன்தானே நீ?" என்று அவனையே திட்டி அனுப்பினாள். கரண்டு போய்ப் பாதி மனுவைப் பறிகொடுத்தவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும் என்றாள். ஆனால் சில பேர் அவள் கடையைத் தேடிக்கொண்டே வந்தார்கள். முக்காலும் பெண்கள். தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள், அடிப்பார்கள், வாசலில் நின்று டக் என்ற சத்தம் கேட்டபிறகுதான் நகர்வார்கள்.

இனி வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குச் சொந்தக்காரர். எதிர்க் கம்பெனி மேனேஜர் அவருக்கு மச்சினன்; பெண்டாட்டியின் தம்பி. அந்த உறவில்தான் அவருக்குத் தெருவில் தலை நிமிர்ந்து நடை. அவரிடம் ஒரு விசேஷ குணம்: சுவிச்சக்கா எதைக் கேட்டாலும் அதற்கு நேர் எதிரானதைத் தவறாமல் செய்வார். வெள்ளை அடிக்கக் கேட்டால் பச்சை அடிப்பார். குழாயை வெளியே வையுங்கள் என்றால் உள்ளே வைப்பார். அவளும் புரிந்துகொண்டாள். கூரை ஒழுகியபோது, "இதைத் தொடாதீங்க, ஒழுகினா எனக்குக் குளிர்ச்சிதான்" என்றாள். மறுநாள் கொத்தனார் வந்துவிட்டார்.

கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற ஒருத்தி இருந்தாள். காஜாக்காரி என்றே வைத்துக்கொள்ளுவோம். வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறவள். புருஷன் இடுப்பு உடைந்து படுக்கையில். கம்பெனியின் வெட்டுக்கூடத்துக்குப் பின்பக்கம் ஓர் அவசரக் கதவு உண்டு. துணி திருட்டுப் போகிறது என்று அதற்கு வெளியில் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஒருநாள் பஞ்சுக் கழிவில் நெருப்புப் பிடித்து, புகை சூழ்ந்து, பெண்கள் அந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கை கிழிந்தார்கள். எப்படியோ தண்ணீர் ஊற்றி அணைத்தாகிவிட்டது. யாரும் சாகவில்லை. அதனால் யாரும் பேசவில்லை.

காஜாக்காரி மட்டும் பேச முடிவு செய்தாள். சாப்பாட்டு டப்பாவுக்குள் ஃபோனை ஒளித்துக் கொண்டுபோய், கதவையும் பூட்டையும் கருகிய சுவரையும் படம் எடுத்தாள். பழைய பட்டன் ஃபோன். படம் எடுக்கும், அனுப்பாது. தொழிலாளர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பேரும் கம்பெனி அடையாள எண்ணும் போட்டால்தான் புகாரை எடுத்துக்கொள்வார்களாம், வெளியில் சொல்லமாட்டார்களாம். வெளியில் தெரிந்தால் அந்தச் சாலையில் எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

சாயங்காலம் ஷிப்டு விட்டதும், கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவிச்சக்கா கடைக்குள் நுழைந்தாள். கடைசித் தடுப்பில் உட்கார்ந்து படங்களை ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி மெயில் எழுதினாள். சுவிச்சக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கம்பெனி வாட்ச்மேன் திரும்பினான். யாரோ படம் எடுத்ததாக உள்ளே கசிந்திருந்தது. பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நீலக் கோட்டு உள்ளே போவதை முதுகுப் பக்கமாகப் பார்த்தான். முகம் தெரியவில்லை. அந்தக் கோட்டு கம்பெனியில் எல்லோருக்கும் உண்டு. நேராக வீட்டுக்காரரிடம் ஓடினான்.

சாலையைக் கடந்து இருவரும் வருவதை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து சுவிச்சக்கா பார்த்துவிட்டாள்.

"எழுந்திரு. பின்பக்கமாப் போ. கோட்டைக் கழட்டிப் பைக்குள்ள வை. ஓடாதே, நடந்து போ."

"இன்னும் போய் முடியலையேக்கா. படம் பெரிசு, பாதியிலயே நிக்குது."

"அது போகும். நீ போடி."

"ஆஃப் பண்ணிடுவியா அக்கா? என் பேரு இருக்கு அதுல."

"இன்னிக்கு எப்ப அணைக்கணும்னு எனக்குத் தெரியும். போறியா, உதைக்கட்டுமா?"

பின்கதவு சாத்தும்போது முன்வாசலில் வீட்டுக்காரர் நின்றார். சுவிச்சக்கா தடுப்புகளுக்கு நடுவே இருந்த வழியில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள். அவள் நின்றால் அந்த வழியில் பூனைகூட நுழைய முடியாது.

"யாரும்மா உள்ள?"

"யாருமில்ல."

"கடைசி மெஷின் ஓடுதே?"

"ஓடத்தான் வாங்கினேன்."

வீட்டுக்காரர் முட்டாள் இல்லை. சிரித்தார். "ஆளு எழுந்தா அடுத்த நிமிஷம் அணைக்கிறவ நீ. உன் மெஷின் ஆள் இல்லாம எரியுதுன்னா உள்ள ஏதோ இருக்கு."

அவளுடைய வழக்கமே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். மெயில் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் நீலக் கோடு திரையில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. இப்போது கரண்டு போனால் புகார் போகாது. போய் முடிந்தபின் அணைக்காமல் விட்டு, யாராவது உள்ளே பார்த்தால் காஜாக்காரி மாட்டிக்கொள்வாள். நடுவில் இருக்கிற நேரத்தை அவள் வாயால்தான் நிரப்ப வேண்டும். அவள் வாய் எதற்கு இருக்கிறது?

"உள்ள என்ன இருக்கா? கரப்பான்பூச்சி இருக்கு. நீங்க அடைச்சுத் தராத பொந்து இருக்கு. பச்சை அடிச்சீங்களே, அது வாந்தி எடுத்த மாதிரி உரிஞ்சு தொங்குது, அதைப் பாக்க வந்தீங்களா? குழாயை உள்ள வெச்சீங்க, ராத்திரி பூரா சொட்டு சொட்டுன்னு…"

"குழாயைப் பத்தி இப்ப யாரு பேசினா?"

"நான் பேசறேன்! இத்தனை வருஷமா பேசறேன், உங்க காதுல என்ன பஞ்சா? மச்சினன் கம்பெனிப் பஞ்சா?"

தெருவில் ஆள் கூடிவிட்டது. வாட்ச்மேன் சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். குழாயிலிருந்து கூரைக்குப் போனாள், கூரையிலிருந்து மாடிப்படிக்கு, மாடிப்படியிலிருந்து வீட்டுக்காரர் எச்சில் துப்புகிற இடத்துக்கு. மறுபடி திரும்பினாள். நீலக் கோடு இல்லை. 'அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி. அதற்கு மேலே காஜாக்காரியின் பேர், பளிச்சென்று.

அவள் சுவிட்சுப் பக்கம் அடி எடுத்து வைப்பதற்குள், ஃபோனைக் காதில் வைத்திருந்த வீட்டுக்காரர் பேச்சை முடித்துக்கொண்டிருந்தார். "மச்சான், மெஷின் ஓடிட்டுத்தான் இருக்கு… சரி… சரி, யாரையும் தொடவிடல." ஃபோனை மடித்தார். "கம்பெனிக் கம்ப்யூட்டர்காரரைக் கூட்டிட்டு வர்றான். அவர் வந்து பாக்கறவரைக்கும் நீ கிட்ட போகக்கூடாது. வாட்ச்மேன், அங்க நில்லு."

வாட்ச்மேன் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போய், சுவிட்சுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றான். நல்லவேளை, அவனுக்குத் திரையில் இருந்த எழுத்தைவிடத் தெருவில் நின்ற கூட்டம்தான் சுவாரசியமாக இருந்தது. மெயின் சுவிட்சோ மாடிப்படி அலமாரியில். சாவி வீட்டுக்காரர் இடுப்பில்.

சுவிச்சக்கா மூச்சை இழுத்து விட்டாள். அப்புறம் அந்தச் சாலையில் யாரும் கேட்டிராத குரலில், பவ்யமாக, வீட்டுக்காரரிடம் போனாள்.

"ஐயா, உண்மையைச் சொல்றேன் கேட்டுக்கங்க. ஒயரை மட்டும் புடுங்கிடாதீங்க. பெட்டியை எங்கயும் தூக்கிட்டுப் போயிடாதீங்க. அதுல எல்லாம் மெமரிலதான் நிக்குது. கரண்டு போச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது. உங்க மச்சினன் வர்றவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

ஒரு சொல் பொய் இல்லை. வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். ஐயா! இவள் வாயிலிருந்து ஐயா!

"ஏன், அதுக்குள்ள உன் ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போறதுக்கா?"

"சத்தியமாச் சொல்றேங்க. புடுங்கினா அழிஞ்சுடும்."

"யாருகிட்ட கதை விடற? என் வீட்டுல கம்ப்யூட்டர் இல்லையா? தெனமும் படுக்கப் போறப்ப அணைக்கிறேன். என் பொண்ணு கல்யாணப் படம் அத்தனையும் காலையில அப்படியே உக்காந்திருக்கு. அழிஞ்சுடுமாம்! வாட்ச்மேன், நகரு."

"புடுங்காதீங்க!" என்று அலறினாள். தெருக்கோடி வரை கேட்டது.

திரையைப் பார்க்கக்கூட நிற்காமல் அவர் மேசைக்கு அடியில் குனிந்தார். ஒரே இழுப்பு. ஒயர்கள் எல்லாம் குடல் மாதிரி கையோடு வந்தன. பெட்டிக்குள் இருந்த விசிறி முனகி நின்றது. திரை கறுத்தது. வீட்டுக்காரர் பெட்டியை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு, வெற்றி வீரர் போலச் சாலையைக் கடந்து கம்பெனிக்குப் போனார்.

சுவிச்சக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒருத்தி, "பாவம், பெட்டியே போச்சே" என்று உச்சுக்கொட்டினாள். "ஜெராக்ஸ் எடுக்கணுமா? இல்லைன்னா வாசலை விடு" என்றாள் சுவிச்சக்கா.

அங்கே நடந்ததை மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த வாட்ச்மேன்தான் சொன்னான். சொல்லும்போது அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கம்ப்யூட்டர்காரர் பெட்டியைப் போட்டுப் பார்த்திருக்கிறார், குடைந்து பார்த்திருக்கிறார், திருகைக் கழற்றியும் பார்த்திருக்கிறார். "சார், டிஸ்க்ல சிஸ்டம் தவிர ஒண்ணுமே இல்ல. ஆளுங்க எழுதினதெல்லாம் மெமரில இருந்திருக்கு. ஓடற நிலைமையில வந்திருந்தா ஒரு நிமிஷத்துல பேரைச் சொல்லியிருப்பேன். யாரு சார் ஒயரைப் புடுங்கினது?"

மேனேஜர் திரும்பி அக்காள் புருஷனைப் பார்த்தாராம். அவர் இன்னும் ஒயரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

அடுத்த வாரம் தொழிலாளர் ஆபீசிலிருந்து ஒரு வண்டி வந்தது. வந்த அதிகாரி வாசலில் நின்று குசலம் விசாரிக்கவில்லை. நேராக வெட்டுக்கூடத்துப் பின்கதவுக்குப் போய் நின்றார். பூட்டு கழன்றது. தாழ்ப்பாளையும் சேர்த்து எடுக்கச் சொல்லிவிட்டார். யார் புகார் என்று மேனேஜர் கேட்டதற்கு, கதவுதான் புகார் என்று சொன்னதாகப் பேச்சு.

வீட்டுக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னார். சுவிச்சக்கா கெஞ்சவில்லை. "போறேன். இனிமே அந்தப் பச்சையை நீங்களே தெனமும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளையும் பலகையையும் தள்ளுவண்டியில் ஏற்றி, அதே சாலையில் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இறக்கினாள். வேறு தெருவுக்குப் போகலாமே என்றான் தம்பி. "நான் ஏண்டா போகணும்? கம்பெனி இங்கதானே இருக்கு" என்றாள். முதலில் ஆணியடித்து மாட்டியது பலகையைத்தான். அடுத்து, வெற்றுக் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டிவிட்டு டக்கென்று அணைத்து, போட்டுப் பார்த்தாள். இல்லை. திருப்தி.

காஜாக்காரி இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் காஜா எடுக்கிறாள். கடையைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும், திரும்பிப் பார்ப்பதில்லை. சுவிச்சக்காவும் நிமிர்வதில்லை. அவர்களுக்குள் அறிமுகமே கிடையாது. ஒருமுறை மழையில் இருவரும் ஒரே கூரைக்கடியில் நின்றபோதுகூட ஒருத்தி கிழக்கையும் ஒருத்தி மேற்கையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பழைய கடைக்கு வேறு யாரும் குடிவரவில்லை. அந்தச் சாலையில் ஜெராக்ஸ் மெஷின் சுவிச்சக்காவிடம் மட்டும்தான். ஆகவே ஒருநாள் வீட்டுக்காரர் ஏதோ பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் கடை வாசலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர். எல்லோரும் ஷிப்டு விட்டு வந்த நீலக் கோட்டுகள்.

அவள் தாளை வைத்து மூடியை மூடினாள். மெஷின் வெளிச்சம் ஓடித் திரும்பியது. வீட்டுக்காரர் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எல்லாம் முடிஞ்சு போச்சு. மச்சினனும் இப்ப வேற கம்பெனிக்குப் போயிட்டான். யாருகிட்டயும் சொல்லமாட்டேன். இப்பவாவது சொல்லேம்மா. யாரு அது?"

"எது?"

"அன்னிக்கு அந்த மெஷின்ல இருந்தது."

"அதுவா?" சூடான நகலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அது இருந்த இடத்துல இருந்திருந்தா நானே படிச்சுச் சொல்லியிருப்பேன். புடுங்காதீங்க புடுங்காதீங்கன்னு தெருவே கேக்கக் கத்தினேன். கேட்டீங்களா?"

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"நகர்ந்து நில்லுங்க ஐயா" என்றாள் சுவிச்சக்கா. "பின்னால ஆள் நிக்குது."

அவர் நகர்ந்தார். காஜாக்காரி ஒரு தாளை நீட்டினாள். சுவிச்சக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, "எத்தனை?" என்றாள்.